கொள்ளுத் தாத்தாவைத் தேடி ஸ்காட்லாந்து வரை...

ஸ்காட்லாந்தின் வடக்குப் பகுதிக்கு ஹைலேண்ட்ஸ் என்று பெயர். மலையும் ஏரியும் மழையுமாக இருக்கும் ஊர். கோடை மாதங்களில் அங்குள்ள ஒற்றைத் தடச் சாலைகளில் வாடகைக் கார்கள் வரிசையாகப் போகும். ஒரு காரில் அப்பா, அம்மா, தாத்தா, பின் சீட்டில் போரடித்துப்போன இரண்டு பிள்ளைகள். கோட்டை, அரண்மனை என்று எதற்கும் நிற்காத கார், மதில் இடிந்த ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டதும் நின்றுவிடும். தாத்தா கையில் பிரிண்ட் எடுத்த காகிதங்களோடு இறங்கி, பாசி படிந்த கல் ஒவ்வொன்றின் மேலும் விரலால் தடவிப் படிக்க ஆரம்பிப்பார்.

இவர்கள் கனடாவிலிருந்தோ, அமெரிக்காவிலிருந்தோ, ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தோ வந்தவர்கள். 200 வருடங்களுக்கு முன் இங்கிருந்து கப்பல் ஏறிய தங்கள் முன்னோர்களைத் தேடுகிறார்கள். இதை நம்பி ஓட்டல்கள் இருக்கின்றன, வழிகாட்டிகள் இருக்கிறார்கள், பரம்பரை ஆராய்ச்சி செய்து கொடுப்பதே தொழிலாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2009ம் ஆண்டை ஸ்காட்லாந்து அரசே 'வீடு திரும்பும் ஆண்டு' என்று அறிவித்து, உலகமெங்கும் உள்ள ஸ்காட்டிஷ் வம்சாவளியினரை அழைத்தது. (கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்து 250 ஆண்டு ஆனதைச் சாக்காக வைத்துக்கொண்டார்கள்.)

எல்லாம் சரி. இப்படித் தேடி வருபவர்களுக்கு அந்தக் கல்லறைகளில் முன்னோர்கள் கிடைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. வின்னிபெக் நகரத்திலிருந்து வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் போகும் வழியிலேயே நாமும் போய்ப் பார்ப்போம். கனடாவின் மானிடோபா மாகாணத்தில் உள்ள இந்த வின்னிபெக்கில் 'கில்டோனன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயர் ஸ்காட்லாந்தின் சதர்லேண்ட் மாவட்டத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர். அங்கிருந்து போனவர்கள் வைத்தது.

பயணம் எடின்பரோவில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் ஸ்காட்லாந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1855 ஜனவரி 1 முதல் அரசாங்கமே பிறப்பு, இறப்பைக் கட்டாயமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. அந்த முதல் வருடத்துப் பதிவுகளைப் பார்த்தால் அசந்து போவீர்கள். ஒரு குழந்தை பிறந்தால் அதன் அப்பா, அம்மாவின் வயது, அவர்கள் பிறந்த ஊர், கல்யாணம் நடந்த இடம், அதற்கு முன் எத்தனை குழந்தைகள் என்பது வரை எல்லாம் இருக்கும். எழுதி மாளவில்லை போலிருக்கிறது, அடுத்த வருடமே பாதியைக் குறைத்துவிட்டார்கள்! அதனால் 1855ல் ஒரு உறவினர் பிறந்தோ இறந்தோ இருந்தால் அந்தக் குடும்பம் அதிர்ஷ்டசாலிக் குடும்பம்.

1855க்கு முன்னால் போனால் சர்ச் வைத்திருந்த பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553ல் தொடங்குகிறது. ஆனால் ஹைலேண்ட்ஸ் பகுதியில் பெரும்பாலும் 18ம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் பதிவே ஆரம்பம். அதிலும் ஞானஸ்நானம் இருக்கும், திருமணம் இருக்கும், இறப்பு இருக்காது. காரணம் சுவாரஸ்யமானது. இறந்தவரைப் பற்றி எழுதி வைக்க சர்ச்சுக்கு அவசியம் ஏற்பட்டதே பணம் கைமாறும்போதுதான். சவப்பெட்டியின் மேல் போர்த்துவதற்கு ஒரு நல்ல துணியை சர்ச் வைத்திருக்கும். குடும்பத்தார் அதை வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த வாடகை வரவுதான் பல ஊர்களில் இறப்புப் பதிவேடு! இன்ன தேதியில், இன்னாருக்காக, துணி வாடகை இவ்வளவு என்று ஒரு வரி. வாடகை கொடுக்க வழியில்லாதவர் அந்தக் கணக்கில் வராமலே போயிருக்கலாம். 1783ல் அரசாங்கம் இன்னொரு வேலை செய்தது. ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி என்று போட்டது. சும்மா இருப்பார்களா மக்கள்? நிறையப் பேர் பதிவு செய்வதையே விட்டுவிட்டார்கள். 1794ல் அந்த வரி எடுக்கப்பட்டது. ஆனால் நடுவில் உள்ள 11 வருடக் குழந்தைகளில் பலருக்கு எழுத்தில் சாட்சி இல்லை.

ஆக, ஆரம்பத்திலேயே ஒன்று தெரிகிறது. பழைய காலத்தில் ஒரு ஏழையின் பெயர் காகிதத்தில் ஏறியது என்றால் அவரிடமிருந்து யாரோ எதையோ வசூலித்தார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பெயர் விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் தேடுபவருக்குச் சில உதவிகளும் செய்திருக்கிறார்கள். அங்கே கல்லறைக் கல்லில் மனைவியின் பெயரை அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் வெட்டுவார்கள். புருஷன் மெக்கே, மனைவி கன் என்று ஒரே கல்லில் இரண்டு குடும்பம் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் இந்த வசதி கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு முறை இருந்தது. மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைத் தாங்குவதால் 'பேரன்' என்று சொல்லும் நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பேரனின் பெயரைப் பார்த்தே தாத்தாவை யூகிக்கலாம். ஆனால் இதே முறை தலைவலியும் கொடுக்கும். ஒரு பள்ளத்தாக்கில் பாதிப் பேர் மெக்கே, அதில் கால்வாசிப் பேர் ஜான் என்றால் எந்த ஜான் மெக்கே நம் ஜான் மெக்கே? அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் கறுப்பு ஜான், தச்சன் ஜான் என்று பட்டப்பெயர் வைத்து சமாளித்தார்கள். சர்ச் பதிவேட்டில் பல சமயம் வெறும் ஜான் மெக்கேதான்.

எடின்பரோவிலிருந்து வடக்கே போக ஏ9 என்ற நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். இன்வர்னஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கல்லோடன் போர்க்களம். 1746 ஏப்ரல் 16ம் தேதி இங்கே அரசாங்கப் படையிடம் ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் படை ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது. இளவரசர் பக்கம் சுமார் 1500 பேர் இறந்தார்கள். அங்கே புல்மேடுகளின் முன்னால் ஒவ்வொரு குலத்தின் பெயரையும் வெட்டிய கற்கள் நிற்கின்றன. தங்கள் குடும்பப் பெயர் உள்ள கல்லைப் பார்த்ததும் பலர் கண் கலங்கிவிடுகிறார்கள். (டிவி சீரியல் பார்த்துவிட்டு வருகிறவர்களால் ஃப்ரேசர் கல்லைச் சுற்றி எப்போதும் கூட்டம். அது வேறு கதை.) ஆனால் அந்தக் கற்கள் நடப்பட்டது 1881ல்! போர் முடிந்து 135 வருடம் கழித்து, அந்த நிலத்தின் சொந்தக்காரர் வைத்தவை. எந்த மேட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் வாய்வழி நம்பிக்கைதான்.

கல்லோடனுக்குப் பிறகு குலத் தலைவர்களின் பழைய அதிகாரத்தை லண்டன் சட்டம் போட்டுப் பறித்தது. அதுவரை தலைவனுக்கு மதிப்பு என்பது அவன் பின்னால் எத்தனை பேர் வாளோடு நிற்பார்கள் என்பதில் இருந்தது. அதனால் நிலத்தில் ஆட்கள் நிறைய இருப்பது லாபம். இனி சண்டை கிடையாது, லண்டனிலும் எடின்பரோவிலும் மாளிகை வைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்றால் வேண்டியது ஆட்கள் அல்ல, பணம். தெற்கே கம்பளிக்கும் ஆட்டிறைச்சிக்கும் நல்ல விலை. நூறு குடும்பங்களிடம் சில்லறையாகக் குத்தகை வாங்குவதைவிட, மொத்தப் பள்ளத்தாக்கையும் ஒரே ஆட்டுப் பண்ணைக்காரருக்கு விட்டால் பல மடங்கு கிடைத்தது. கணக்குப் பார்த்தால் முடிவு சுலபம். அந்த முடிவுக்கு வரலாற்றில் 'கிளியரன்ஸ்' என்று பெயர். (கடையில் போடும் கிளியரன்ஸ் சேல் மாதிரியேதான், பழைய சரக்கை வெளியேற்றுவது!)

இன்வர்னஸ் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது பக்கம் ஒரு குன்றின் உச்சியில் வளைவுகளோடு விசித்திரமான ஒரு கட்டடம் தெரியும். ஃபைரிஷ் நினைவுச் சின்னம். அது எந்த ஊர் வாசலின் மாதிரி தெரியுமா? நம்ம நாகப்பட்டினம்! 1781ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த சர் ஹெக்டர் மன்ரோ, அந்தக் கோட்டை வாசலைப் போல 1782ல் தன் ஊர் மலை மேல் கட்ட வைத்தது அது. இதே மன்ரோதான் அதற்கு முந்தைய வருடம், 1780ல், பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் பெய்லியின் படை அழிந்தபோது உதவிக்குப் போய்ச் சேராமல், பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்குத் திரும்பியவர். அதற்கு அவர் ஊரில் சின்னம் ஏதும் இல்லை. ஊரில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றுதான் ஃபைரிஷைக் கட்டினார் என்று சொல்வார்கள். ஆனால் பத்து வருடத்துக்குள் அதே மன்ரோவின் நிலத்தில் பெரிய ஆட்டுப் பண்ணை வந்தது. மக்களின் மாடுகளுக்கு மேய்ச்சல் போனது. 1792ல் சுற்று வட்டார மக்கள் ஒன்று கூடி ஆயிரக்கணக்கான ஆடுகளை அப்படியே தெற்கு நோக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் கொள்ளையடிக்கவில்லை. ராணுவம் வந்து தடுத்தது. அந்த வருடத்தை 'ஆடுகளின் வருடம்' என்றே கேலிக் மொழியில் சொல்வார்கள். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசல் இன்னமும் மலை மேல் நிற்கிறது. ஆடு ஓட்டியவர்களுக்குக் கல் இல்லை.

ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து மேற்கே திரும்பினால் சுமார் 16 கிலோமீட்டரில் க்ரோயிக் என்ற இடத்தில் ஒரு சின்ன சர்ச். சுற்றிலும் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இந்தப் பயணத்தில் தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். 1845 மே மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கான க்ளென்கால்வியிலிருந்து 18 குடும்பங்கள், சுமார் 90 பேர், வெளியேற்றப்பட்டார்கள். குத்தகை பாக்கி வைத்தவர்கள் அல்ல என்று அங்கே நேரில் வந்து பார்த்த லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் எழுதினார். போக இடமில்லாமல் இந்த சர்ச் வளாகத்துக் கல்லறைகளுக்கு நடுவே, தார்ப்பாயும் கம்பளியும் கட்டிக் கூடாரம் போட்டுக் குழந்தைகளோடு தங்கினார்கள். சர்ச்சுக்கு உள்ளே போகவில்லை. வெளியே நின்றபடி ஜன்னலின் சின்னச் சின்ன வைர வடிவக் கண்ணாடிகளில் கூர்மையான எதையோ வைத்துக் கீறி எழுதினார்கள். க்ளென்கால்வி மக்கள் 1845 மே மாதம் இங்கே இருந்தார்கள் என்ற செய்தி ஒன்று. தங்களையே பொல்லாத தலைமுறை என்று சொல்லிக்கொண்ட இன்னொரு வரி. தங்களுக்கு நடந்தது தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று அவர்கள் நம்பியிருக்கிறார்கள்! வீட்டில் பேசியது கேலிக், எழுதியது ஆங்கிலம். கண்ணாடி உடையாமல் இன்றும் இருக்கிறது. ஊரைக் காலி செய்த எஸ்டேட் மேனேஜரின் கையெழுத்து எத்தனையோ காகிதங்களில் இருக்கும். வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போனது மிக அபூர்வம்.

திரும்பி வந்து வடக்கே போனால் கோல்ஸ்பி. ஊருக்கு மேலே பென் ப்ராகி மலை உச்சியில் சுமார் 100 அடி உயரத்தில் பீடத்தோடு ஒரு சிலை, பல மைலுக்குத் தெரியும். முதலாம் சதர்லேண்ட் பிரபு. இங்கிலாந்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவராக இருந்து, சதர்லேண்ட் சீமாட்டியைக் கல்யாணம் செய்துகொண்டதால் இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு முதலாளி ஆனவர். 1833ல் இறந்தார், 1837ல் சிலை வந்தது. துக்கத்தில் இருக்கும் நன்றியுள்ள குத்தகைதாரர்கள் வைத்தது என்று அதில் எழுதியிருக்கிறது. அதை இடிக்க வேண்டும் என்று 1990களில் கோரிக்கை எழுந்து பெரிய விவாதமானது. நியாயமாகப் பேசினால் அவர் தரப்பும் ஒன்று உண்டு. சாலை போட்டார், பாலம் கட்டினார், கடற்கரையில் புது ஊர்கள் அமைத்தார். விவசாயிகளைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து மீன்பிடித் தொழிலில் விட்டால் பஞ்சம் தீரும் என்பது அவருடைய ஆலோசகர்களின் திட்டம். கப்பலே ஏறாத ஒரு உழவனிடம் 'நாளையிலிருந்து நீ மீனவன்' என்று சொல்லும் திட்டம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்து ஹெல்ம்ஸ்டேல். இங்கே கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலைக் கூட்டம் நிற்கிறது. கணவன், மகன், திரும்பிப் பார்க்கும் மனைவி, கையில் குழந்தை. 2007ல் வைத்தார்கள். இதே போன்ற சிலை வின்னிபெக்கிலும் உண்டு. காரில் வந்த குடும்பம் அங்கே பார்த்த சிலையை இங்கேயும் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளும்.

ஹெல்ம்ஸ்டேலுக்குச் சற்று வடக்கே, செங்குத்தான கடற்பாறையின் விளிம்பில் பாட்பே என்று ஒரு பாழ்பட்ட கிராமம். உள்பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கிடைத்த இந்தத் துண்டு நிலத்தில் குடிசை போட்டார்கள். காற்றில் கடலுக்குள் விழுந்துவிடக் கூடாது என்று ஆடு மாடுகளை மட்டுமல்ல, குழந்தைகளையும் கயிற்றில் கட்டி வைத்தார்களாம். கடைசி ஆள் 1911ல் வெளியேறினார். அதே 1911ல் அங்கே ஒரு நினைவுத் தூண் எழுந்தது. எழுப்பியவர் யார்? 1839ல் பாட்பேயிலிருந்து நியூசிலாந்து போன ஒருவரின் மகன். அப்பா பிறந்த ஊரில் வாழ்ந்தவர்களின் பெயர்களைத் தேடிக் கல்லில் வெட்டினார். கல்லைத் தேடிக் காரில் வருபவர்களுக்கு முன்னோடி என்றால் இவர்தான். இவருக்கும் கல் கிடைக்கவில்லை, அதனால் தானே வைத்துவிட்டார்.

ஹெல்ம்ஸ்டேலுக்குத் திரும்பி ஆற்றோடு உள்ளே போனால் கில்டோனன் பள்ளத்தாக்கு. வின்னிபெக் குடும்பம் தேடி வந்த இடம். இங்கே 1813 தொடக்கத்தில் நிலத்தை அளந்து மதிப்பிட வந்தவர்களை மக்கள் விரட்டி அடித்தார்கள். ராணுவம் வரவழைக்கப்பட்டது. அந்தச் சமயம் செல்கர்க் பிரபு என்பவர் கனடாவின் சிவப்பாற்றங்கரையில் (இன்றைய வின்னிபெக்) குடியேற்றம் அமைத்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கணக்கானவர்கள் வருகிறோம் என்றார்கள், 1813 கோடையில் சுமார் 100 பேருக்குத்தான் கப்பலில் இடம் கிடைத்தது. கப்பலில் விஷக்காய்ச்சல் பரவியது, சிலர் வழியிலேயே இறந்தார்கள். போக வேண்டிய துறைமுகத்தில் இறக்காமல் கேப்டன் வடக்கே சர்ச்சில் என்ற இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். குளிர்காலத்தை எப்படியோ ஓட்டி, 1814 ஏப்ரலில் பனியின் மேல் நூறு மைலுக்கு மேல் நடந்தார்கள். முன்னால் பைப் வாசித்துக்கொண்டு ஒருவர் போனார் என்று சொல்வார்கள்.

கில்டோனன் பாரிஷின் மக்கள்தொகை 1811ல் 1,574. இருபது வருடம் கழித்து 1831ல் 257. இந்த இரண்டு எண்களுக்கு மேல் விளக்கம் எதற்கு? 1957 முதல் 1963 வரை கனடாவின் பிரதமராக இருந்த ஜான் டீஃபன்பேக்கரின் அம்மா வழி முன்னோர்களும் இந்த 1813 கூட்டத்தில் போனவர்கள்தான். பழைய கில்டோனன் சர்ச் இன்னும் இருக்கிறது. கல்லறைகளும் இருக்கின்றன. ஆனால் கல்லை நிறுத்துவதற்கு ஆள் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே செத்தவர்களின் பிள்ளைகள் கடலுக்கு அப்பால். கல் வெட்டும் அளவு வசதி இருந்தவர்களே சிலர்தான். மற்றவர்களுக்குத் தலைமாட்டில் ஆற்றங்கரைக் கல் ஒன்று, எழுத்தில்லாமல்.

போன இடத்தில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும், டூர் வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சிவப்பாற்றங்கரை காலி நிலம் அல்ல. அங்கே பூர்வகுடிகளும், மேத்தி இன மக்களும் வாழ்ந்தார்கள். ரோம வியாபாரக் கம்பெனிகளின் போட்டியில் குடியேற்றம் சிக்கி, 1816ல் நடந்த மோதலில் கவர்னர் உட்பட 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பிழைத்ததற்கு முக்கியக் காரணம் பெகுயிஸ் என்ற பூர்வகுடித் தலைவர் செய்த உதவி. 1817ல் அவரும் மற்றத் தலைவர்களும் செல்கர்க்கோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1907ல் பெகுயிஸின் மக்களிடமிருந்தே அவர்கள் நிலம் முறைகேடாக எழுதி வாங்கப்பட்டு, அவர்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். ஆட்டுக்காக இடம் இழந்தவர்களின் வாரிசுகள் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இது நடந்தது.

கில்டோனன் சாலையிலேயே போய் வட கடற்கரையைத் தொட்டு, மேற்கே திரும்பினால் பெட்டிஹில். இங்குள்ள பழைய ஃபார் சர்ச் இப்போது ஸ்ட்ராத்நேவர் மியூசியம். உள்ளே 1774ம் வருடத்துப் பிரசங்க மேடை அப்படியே இருக்கிறது. இந்த மேடையிலிருந்துதான் பாதிரியார் வெளியேற்ற நோட்டீஸ்களை மக்களுக்குப் படித்துக் காட்டினார். அப்போது பாதிரியாரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவிடம் இருந்தது, அவருக்கு வீடும் நிலமும் அங்கிருந்தே வந்தன. சிலர் மக்கள் பக்கம் பேசினார்கள், பெரும்பாலோர் பேசவில்லை. இந்தக் கோபமும் சேர்ந்துதான் 1843ல் ஸ்காட்லாந்து சர்ச்சே இரண்டாகப் பிளந்தது. முன்னோரின் ஞானஸ்நானத்தை எழுதிய கையும் நோட்டீஸைப் படித்த வாயும் ஒரே ஆளுடையது என்பது மியூசியத்தில் நிற்கும் குடும்பத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

இங்கிருந்து தெற்கே நீளும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில்தான் மிக மோசமான வெளியேற்றங்கள் 1814லும் 1819லும் நடந்தன. 1814ல் காரியத்தை நடத்தியவர் எஸ்டேட் மேனேஜர்களில் ஒருவரான பேட்ரிக் செல்லர், படித்த வக்கீல். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1813 டிசம்பரில் பள்ளத்தாக்கின் நிலம் ஆட்டுப் பண்ணைக்காக ஏலம் விடப்பட்டபோது அதை எடுத்தவரும் இதே செல்லர்தான்! காலி செய்ய வேண்டிய அதிகாரியும் அவரே, காலியானால் லாபம் அடையும் குத்தகைதாரரும் அவரே. இன்று ஒரு கம்பெனி மேனேஜர் இப்படிச் செய்தால் ஆடிட்டர் முதல் பக்கத்திலேயே எழுதுவார். ஜூன் மாதம் வீடுகளின் கூரை மரங்களைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். மரம் அரிதான ஊரில் கூரை மரம் போனால் திரும்ப வீடு கட்ட முடியாது. எரியும் வீட்டிலிருந்து தூக்கி வரப்பட்ட படுத்த படுக்கையான ஒரு கிழவி சில நாட்களில் இறந்தார். 1816ல் இன்வர்னஸில் செல்லர் மேல் வழக்கு நடந்தது. ஜூரியில் நிலச் சொந்தக்காரர்களே நிறைய. விடுதலை.

இதே மாவட்டத்துப் பையன்களைச் சேர்த்துத்தான் 1799ல் 93வது படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. 1815 ஜனவரி 8ம் தேதி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் அந்தப் பிரிவு குண்டு மழையில் அசையாமல் நின்று செத்தது. ஸ்ட்ராத்நேவர் எரிந்து அப்போது ஏழு மாதம்.

பள்ளத்தாக்கில் ரோசல் என்ற கிராமத்தின் மிச்சங்களை இன்று நடந்து பார்க்கலாம். 1962ல் தொல்லியல் ஆய்வு செய்தார்கள். வீடு, களஞ்சியம், தானியம் காய வைக்கும் சூளை என்று சுமார் 70 கட்டடங்களின் அடித்தளம் புல்லுக்குள் தெரிகிறது. எந்த வீடு யாருடையது என்று எங்கும் எழுதவில்லை. இந்த ஊரில் பிறந்த டொனால்ட் மெக்லியோட் ஒரு கொத்தனார், கல் வேலை தெரிந்தவர். அவர் எழுதியதெல்லாம் கல்லில் அல்ல, பத்திரிகையில். 1840-41ல் எடின்பரோ பத்திரிகை ஒன்றில் கடிதம் கடிதமாக எழுதியவைதான் ஸ்ட்ராத்நேவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான நேரடிச் சாட்சி. மிகைப்படுத்தி எழுதினார் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பிறகு அவரும் கனடா போய்விட்டார்.

செல்லர் 1851ல் இறந்தார். அவர் கல்லறையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. எல்ஜின் நகரத்தில், இடிந்தும் அழகாக நிற்கும் பழைய கதீட்ரலுக்குள் இருக்கிறது, பெயரும் தேதியும் தெளிவாக. தெற்கே திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

அப்படியானால் வின்னிபெக் தாத்தாவுக்கு என்னதான் கிடைக்கும்? கல்லில் கிடைக்காவிட்டாலும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. சதர்லேண்ட் எஸ்டேட்டின் பழைய காகிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கடிதங்கள், வரைபடங்கள், குத்தகைக் கணக்குகள். வெளியேற்றியவர்கள் கணக்கு எழுதுவதில் ஒழுங்கானவர்கள். கல்லறையே இல்லாத ஜான் மெக்கேக்களை அங்கே ஊர் வாரியாகப் பிடிக்கலாம், பக்கத்தில் கட்ட வேண்டிய தொகையோடு. ஆனால் அதற்குக் கார் தேவையில்லை. பயணத்தைத் தொடங்கிய எடின்பரோவிலேயே, பதிவேடு அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அந்த நூலகம்.